பாதிச் சூடு

ஜனவரி 4

ஆராய்ச்சி அம்மாவுக்கு,

கடிதமா என்று சிரிக்காதே. நீதானே சொன்னாய், போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வருகிறது, எழுதினால் ஆறப்போட்டு எழுதலாம், ஆறப்போட்டுப் படிக்கலாம் என்று. சரி, ஆறப்போட்டே எழுதுகிறேன்.

சூளையை நிறுத்திவிட்டார்கள். பழுதுபார்க்க அல்ல, மொத்தமாகவே. சுண்ணாம்புப் பாறை அடிவரை போய்விட்டது, மிச்சத்தைத் தோண்டிச் சுட்டுச் சிமென்ட் ஆக்கினால் கட்டுப்படியாகாது என்று மேனேஜர் கேன்டீனில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். அவர் தலைக்கு மேலே சுவரில் உன் படம். அந்த ஆராய்ச்சி இதழுக்கு நீ பேட்டி கொடுத்தாயே, 'இனி சிமென்டுக்குச் சூளையே வேண்டாம்' என்று, அதைக் கத்தரித்து எவனோ ஒட்டிவைத்து ஒரு வருஷம் ஆகிறது. தினமும் அதன் கீழேதான் நான் சாப்பிடுகிறேன். கிழித்துப்போட எவ்வளவு நேரம் ஆகும்? கிழித்தால் 'மாமாவுக்கு ரோஷம் வந்துடுச்சு' என்று சிரிப்பார்கள். அதனால் சோற்றைப் பார்த்துக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நெருப்பை அணைத்த பிறகும் சூளையை மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தோம். அவ்வளவு நீள இரும்புக் குழாய், சூட்டோடு நிறுத்தினால் தன் பாரத்திலேயே வளைந்துவிடும். வளைந்தால்தான் என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை. கொடியில் காயும் என் சட்டை ஒரு வாரமாக வெள்ளையாகவே இருக்கிறது. பார்க்கவே பயமாயிருக்கிறது.

இனி விஷயம். சுண்ணாம்பை எடுப்பதற்காக மேலே இருந்த வெள்ளைக் களிமண்ணை இத்தனை வருஷமும் ஒதுக்கித் தள்ளினோமே, அது மலையாய்க் கிடக்கிறது. உங்கள் புதுச் சிமென்டுக்குச் சுட்ட களிமண் வேண்டுமாம். மூன்று ஆலைகள் சுட்டு அனுப்பவேண்டும், தேறியவர்கள் மண் சுடும் ஆலையாகப் பிழைத்துக்கொள்ளலாம். சோதிக்கப்போவது உன் ஆய்வுக்கூடம். மேனேஜர் சொன்னதுமே உன் தம்பி கை தட்டிவிட்டான். "அக்கா இருக்கும்போது நமக்கென்ன மாமா கவலை" என்கிறான். மொத்தச் சூளையும் அதையே சொல்கிறது.

நீ பார்த்து நடந்துகொள். இதற்கு மேல் எழுத மாட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நம் வாலு படிக்கிறாளா?

சூளைக்காரன்

ஜனவரி 13

வாலுவின் அப்பாவுக்கு,

'பார்த்து நடந்துகொள்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிகிறது. புரியாத மாதிரியே பதில் எழுதுகிறேன், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

ஒரு ஆலை என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது, இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எங்கள் தலைவரிடம் சொன்னேன். வேறு ஆள் எங்கே இருக்கிறது என்றார். "பிசைந்து வார்த்த கியூபை அழுத்தி உடைக்கிற மெஷின் சொந்தபந்தம் பார்க்காதும்மா" என்று ஒரு சிரிப்பு வேறு. அவருக்கென்ன, அவர் வீட்டில் யாரும் சூளை எரிக்கவில்லை.

அந்தப் பேட்டியில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு வரியைப் பிடுங்கித் தலைப்பாக்கிவிட்டார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அது உள்ளே அடைத்துவைத்திருக்கும் கரியமில வாயு அத்தனையும் வெளியே வருகிறது, நிலக்கரிப் புகை அதற்கு மேல். நாங்கள் மின்நிலையத்துச் சாம்பலையும் இரும்பு உலைக் கசடையும் அரைத்து, காரக் கரைசல் ஊற்றிப் பிசைகிறோம். சுடாமலே கல்லாகிறது. இதைத்தான் சொன்னேன். உங்களைச் சொல்லவில்லை.

இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். அந்த மின்நிலையத்தையும் மூடுகிறார்கள். சாம்பல் லாரி வருவதே அரிதாகிவிட்டது. சாம்பல் இல்லையென்றால் களிமண், களிமண் என்றால் சுட்டாகவேண்டும். சூளையே வேண்டாம் என்றவள் சூளையைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

கவனமாகக் கேளுங்கள். உங்கள் பழைய வேலைக்கு ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி. இந்த மண்ணுக்கு அதில் பாதிதான், எழுநூற்றைம்பது. எண்ணூறைத் தாண்டாதீர்கள். தொள்ளாயிரத்தைத் தாண்டினால் மண் செத்துவிடும், அப்புறம் எந்தக் கரைசலை ஊற்றினாலும் எழுந்திருக்காது. இது மூன்று ஆலைக்கும் அனுப்பிய குறிப்பில் இருப்பதுதான், சலுகை இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சூளை நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். இங்கே வந்துவிடுங்கள். கலவை மேடைக்கு அனுபவசாலி ஒருவர் வேண்டுமென்று தேடுகிறார்கள். நாம் ஒரே அலமாரியில் துணி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. பாதி அலமாரியை ஒழித்து வைத்திருக்கிறேன். கரைசல் பட்டுப் பட்டு என் விரல்நுனித் தோல் உரிகிறது, கையுறை போட்டாலும் எப்படியோ படுகிறது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. களைத்துவிட்டேன், வேறென்ன சொல்ல.

வாலு கணக்கில் உங்களை மாதிரி, வாயில் என்னை மாதிரி. குழாய்க்கு வாஷர் மேல்தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது.

வாலுவின் அம்மா

பிப்ரவரி 1

மேடத்துக்கு,

வாஷர் கிடைத்தது. குழாய் இன்னும் சொட்டுகிறது.

சூளையை ஏற்றினோம். அணைந்து கிடந்த சூளையில் மறுபடி நெருப்பு போடுவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. வேலை இல்லாத ஷிப்ட்காரர்களும் வந்து நின்றார்கள். உன் தம்பி அரவை மேடையிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான், சட்டையெல்லாம் மாவு.

உன் குறிப்பில் எழுதியிருப்பதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வெப்பமானி ஆயிரத்துக்குக் கீழே எண்ணே காட்டாது, இது அதற்காகச் செய்த சூளை இல்லையே. புதுக் கருவிக்குச் சொல்லியிருக்கிறார்கள், வந்தபாடில்லை. ஆகக் கண்தான் கணக்கு. இத்தனை வருஷமும் அப்படித்தானே. நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்வைத் துளையில் பார்த்தேன். தீயின் நுனி மட்டும் மினுங்கியது, மண் இருக்கும் இடத்தில் ஒரே இருட்டு. ஏதோ கிணற்றுக்குள் பார்த்த மாதிரி. பாதிச் சூடு என்றாய், இது கால் சூடு கூட இல்லை என்று பட்டது. நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பிடி போடவில்லை.

பச்சையாக எதையும் என் சூளையிலிருந்து வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. நன்றாக வெந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் சுத்தமான தூள். மூட்டை கிளம்பிவிட்டது.

உன் அலமாரிப் பேச்சுக்கு வருகிறேன். உன் கலவை மேடையில் நின்று 'மேடத்தோட வீட்டுக்காரர்' என்று பெயர் வாங்க என்னால் ஆகாது. இங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

சூளைக்காரன்

பிப்ரவரி 20

வாலுவின் அப்பாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப்போட்டேன். நேராகவே எழுதுகிறேன். உங்கள் மண் தேறவில்லை.

மூன்று ஆலை மண்ணையும் ஒரே நாளில், ஒரே கரைசலில், என் கையாலேயே பிசைந்தேன். மற்ற இரண்டும் பிசின் மாதிரி கரண்டியை விட்டு வரமாட்டேன் என்றன. உங்களுடையது ஈர மணல் மாதிரி உதிர்ந்தது. ஒரு வாரம் கழித்து அச்சைக் கழற்றினால் கியூபின் ஓரம் கட்டைவிரலுக்கே பொடிந்தது. மெஷினில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் வைத்தேன், மறுபடியும் பிசைந்து மறுபடியும் வைத்தேன். மண் செத்துப்போயிருக்கிறது. தொள்ளாயிரத்தைத் தாண்டிச் சுட்டிருக்கிறீர்கள், எவ்வளவு தாண்டினீர்கள் என்று தெரியவில்லை.

இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். இன்னொரு ஆலையின் மண் அரை மூட்டை அலமாரியில் மிச்சமிருந்தது. அதே நிறம், அதே மென்மை. அதில் கியூப் போட்டு உங்கள் ஆலையின் சீட்டை ஒட்டினால் கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. அதன் முன்னால் நின்றேன். முந்தின நாள்தான் தம்பி போன் பண்ணி, "அக்கா, நல்ல சேதிதானே" என்று கேட்டிருந்தான். நின்றேன், அப்புறம் கை கழுவிக்கொண்டு வந்து அறிக்கை எழுதினேன். அந்தச் சிமென்டில் எங்கேயோ ஒரு கூரை போடுவார்கள். அதன் கீழே யாரோ தூங்குவார்கள்.

உங்கள் மேனேஜருக்கு நாளை போய்ச் சேரும். உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும், ஆனால் அது விதிக்கு ஒத்துவராது.

கோபப்படுவீர்கள். பட்டுவிட்டு, சாப்பிட்டுவிடுங்கள்.

வாலுவின் அம்மா

பிப்ரவரி 27

அறிக்கை வந்தது. கேன்டீனில் மேனேஜர் படித்தார், உன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு. கடைசியில் உன் கையெழுத்து. எவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

உன் தம்பி இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. உன்னிடம் பேசமாட்டானாம். என்னிடமும்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சூளை நின்றால் நான் அங்கே வந்துதான் ஆகவேண்டும். உனக்கு வேண்டியதும் அதுதானே? அலமாரியை ஜனவரியிலேயே ஒழித்துவைத்தாய். மண்ணை அப்புறம்தானே சோதித்தாய்?

இனி எழுதாதே.

மார்ச் 9

வாலுவின் அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி என்னைக் கொன்றுபோட்டது. பொய்யாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆமாம், நீங்கள் இங்கே வரவேண்டும் என்று எனக்கு ஆசைதான். அச்சைக் கழற்றிய அன்று, அழுகைக்கு நடுவில், இனி வந்துவிடுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்காக மண்ணை நான் கொல்லவில்லை. அது உங்கள் சூளையிலிருந்தே செத்துத்தான் வந்தது.

ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. இத்தனை வருஷம் சூட்டைக் கண்ணால் அளந்தவர் இப்படித் தாண்டுவாரா? உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'மண் இருக்கும் இடத்தில் ஒரே இருட்டு' என்று எழுதியிருந்தீர்கள். அதை வாலு எட்டிப்பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட ஒரு நீலக் கண்ணாடி இருக்குமே, அதுல பார்த்தா எல்லாமே இருட்டாத்தான் தெரியும்" என்றாள். ஞாபகமிருக்கிறதா, சின்ன வயதில் அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவாள். எனக்கு நேரே வந்து நின்று, "அம்மாவைக் காணோம்" என்று கத்துவாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கண்ணாடி வெள்ளை வெளேரென்று எரியும் சூளைக்கு. கண் கூசாமல் இருக்க வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பாதிச் சூட்டில் மண் மங்கிய சிவப்பாகத்தான் கனியும், அதை அந்த நீலம் அப்படியே விழுங்கிவிடும். இருட்டாகத் தெரிந்தபோதே உங்கள் மண் சரியாக இருந்திருக்கிறது. கண்ணாடிக்குள் அது தெரிய ஆரம்பித்தபோது செத்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றுங்கள். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் திறந்தால் சாம்பலுக்கு அடியில் ஒரு சிவப்பு தெரியுமே, அந்த நிறம். ஆரஞ்சுக்குப் போனால் அதிகம்.

ஒவ்வொரு ஆலையும் இந்த மாதக் கடைசிக்குள் இரண்டாவது முறை அனுப்பலாம். இந்தக் காரணத்தைச் சொல்லலாமா என்று தலைவரிடம் கேட்டேன். எல்லா ஆலைக்கும் சொல்வதானால் சொல் என்றார். மற்ற இரண்டுக்கும் எழுதியாகிவிட்டது. கடைசியாக உங்களுக்கு.

ஏன் கடைசி என்றால், இதை நான் எழுதாமல் விட்டால் நீங்கள் இங்கே வந்துவிடுவீர்கள். நாலு நாள் எழுதாமலே இருந்து பார்த்தேன். முடியவில்லை. பெயரில்லாமல் நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்தால் அந்த முகத்தை நான் தினமும் பார்க்கவேண்டும்.

தம்பியிடம் சொல்லுங்கள், அக்கா சாகவில்லை என்று.

வாலுவின் அம்மா

மார்ச் 26

வாலுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் சட்டைப்பையிலிருந்து நீலக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்தக் கண்ணாடி இல்லாமல் நான் சூளையைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது சட்டைப்பையில் போட்டது. குளிக்கும்போதுதான் எடுப்பேன். அது பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜரிடம் போய் இன்னொரு முறை ஏற்றணும் என்றேன். "எதுக்கு, மறுபடி அவங்க கையெழுத்தைப் படிக்கவா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே ஒரு தடவை, அப்புறம் நானே பூட்டுகிறேன் என்றேன். உன் தம்பியை அவன் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தான்.

கண்ணாடியை உன் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் துளையில் பார்த்தேன். சிவப்பு. நீ சொன்ன மாதிரியே, அடங்கின சிவப்பு. முழு மண்ணும் உருண்டு உருண்டு சரிவது தெரிந்தது. என் சூளையின் உள்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா? கை பழக்கத்தில் நிலக்கரிப் பக்கம் போனது. உன் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அக்கா வேணாம்னு எழுதியிருக்கு" என்றான்.

மூட்டை கிளம்பிவிட்டது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் அலுத்துவிட்டது, எனக்கும்.

போன கடிதத்தில் நான் கேட்டது தப்பு. கேட்டுவிட்டேன். இந்த முறை சோதனை முடிவு எப்படியிருந்தாலும் அப்படியே எழுது.

சூளைக்காரன்

ஏப்ரல் 14

வாலுவின் அப்பாவுக்கு,

விதிப்படி உங்கள் மேனேஜருக்கு நேற்று அனுப்பிவிட்டேன், இன்று உங்களுக்கு எழுதுகிறேன். தேறிவிட்டது.

சும்மா தேறவில்லை. பிசையும்போதே கரண்டி சிக்கிக்கொண்டது, இழுத்து எடுக்கவேண்டியிருந்தது. கியூப் அச்சை விட்டு வரவில்லை, சுத்தியலால் தட்டிக் கழற்றினேன். மெஷினில் வைத்தால் முள் ஏறிக்கொண்டே போகிறது, உடைய மாட்டேன் என்கிறது. தலைவர் எழுந்து வந்து பின்னால் நின்றார். உடைந்தபோது வெடித்த சத்தத்தில் நான் கத்திவிட்டேன். மூன்றில் முதல் இடம் உங்களுக்கு. யார் சுட்டது என்று தலைவர் கேட்டார். "சூளை எரிக்கிற பர்னர்" என்றேன். வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. உங்கள் பெயர் அங்கே தனியாக நிற்கட்டும்.

ஆக, சூளை பிழைத்துவிட்டது. நீங்கள் வரவேண்டியதில்லை.

என்னால் அங்கே வரமுடியாது, தெரியும்தானே. நீங்கள் சுட்டு அனுப்பும் மண்ணை இங்கே பிசைய ஆள் வேண்டும். உங்கள் சூளை எரிகிறவரை எனக்கு இங்கே வேலை, என் வேலை நடக்கிறவரை உங்களுக்கு அங்கே நெருப்பு. நன்றாகத்தான் கட்டிப்போட்டுக்கொண்டோம். சந்தோஷமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. இரண்டையும் பிரிக்கத் தெம்பில்லை.

நேற்று அலமாரியின் உங்கள் பாதியில் போர்வைகளை அடுக்கிவிட்டேன். காலியாக இருந்தால் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

வாலுவின் அம்மா

ஏப்ரல் 21

அடியே,

அறிக்கையை மேனேஜர் கேன்டீனில் படித்தார். உன் தம்பி விசிலடித்தான். அப்புறம் உன் படத்துக்குப் பக்கத்தில் போய், 'இனி சிமென்டுக்குச் சூளையே வேண்டாம்' என்ற வரிக்குக் கீழே, 'அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, அக்கா' என்று பென்சிலால் எழுதிவைத்துவிட்டான். நான் அழிக்கவில்லை. முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். படத்தில் இளைத்திருக்கிறாய்.

என் சட்டையில் மறுபடி தூசி. இந்த முறை இளஞ்சிவப்பு, சுட்ட மண்ணின் நிறம். துவைத்தாலும் போகவில்லை.

எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. சூளை எரியும்போது அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன்; இப்போது எரிகிறது, ஆனாலும் ஆளில்லாத வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது கை தயங்குகிறது. நீ எழுதாமல் விட்டிருந்தால் இந்நேரம் உன் அலமாரியில் என் சட்டை தொங்கும். எழுதினாய். இதற்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் என்று தெரியவில்லை.

போர்வையை எடுத்துவிட்டு ஒரு தட்டை மட்டும் காலியாக வை. லீவில் வருகிறவனுக்கு நாலு சட்டை வைக்க இடம் வேண்டாமா?

நீலக் கண்ணாடியை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தச் சூட்டுக்கு அது தேவையில்லை. வாலுவிடம் கொடு, உன்னை மட்டும் அதில் பார்க்கவேண்டாம் என்று சொல்.

குழாய் இன்னும் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். மூன்றாவது வார்த்தையில் சண்டை வரும். வரட்டும், போனை மட்டும் வைத்துவிடாதே.